செத்தவன் வேடம்

சவப்பெட்டியின் மூடியை ஓபல் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"திறக்கக் கூடாது. பாத்த வரைக்கும் போதும்."

"ஒஹையோவுலேர்ந்து பஸ் மாறி பஸ் மாறி வந்திருக்கேன்டி. கூடப் பொறந்தவன் மொகத்தப் பாக்கக் கூடாதா?" என்றாள் நெட்டி, ஓபலின் புருஷன் மெர்லுக்கு அக்கா.

கான்சாஸில் பெட்டியைத் திறந்து வைப்பதுதான் வழக்கம். ராட்டினக்காரனும் பஞ்சுமிட்டாய்க்காரியும் சுவரோரம் நின்றார்கள். குடும்ப விவகாரம் என்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓபலுக்குக் கால் கடுத்தது. கார்னிவல் பொருட்காட்சியோடு ஊர் ஊராக அலைந்து ஓய்ந்த கால்.

மெர்லுடைய சொத்து ஒரே ஒரு கார், கூடாரத்தில் நிறுத்தி டிக்கெட்டுக்குக் காட்டுவது. ஜாக் ஹார்கின் என்ற வங்கிக் கொள்ளைக்காரனைப் போலீஸ் சுட்டுக் கொன்ற கார். கார் உண்மை, குண்டுத் துளைகளில் பாதி மெர்ல் போட்டவை. ஸ்டியரிங்கில் கவிழ்ந்து கிடந்த ஹார்கினின் மெழுகுப் பொம்மை போன கோடையில் உருகி, மூக்கு எது முழி எது என்று தெரியாமல் போனது. அன்றிலிருந்து மெர்லே சட்டையில் சிவப்புச் சாயத்தைக் கொட்டிக்கொண்டு அங்கே கவிழ்ந்தான். கைக்குழந்தை வீறிட்டாலும் அசையமாட்டான். சோம்பேறிக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த வேலை என்று ஓபல் கேலி செய்வாள்.

போன சனிக்கிழமை, கூடாரத்துக்குள்ளிருந்து வந்த ஒருத்தி டிக்கெட் மேசையருகே தயங்கி நின்றாள்.

"ஏம்மா, உள்ள இருக்கற ஆளு மூச்சே விடலியே?"

தினமும் யாராவது கேட்கிற கேள்வி. ஓபலிடம் பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"அவன் செத்து வருஷக்கணக்காச்சு தாயி. எப்படி மூச்சு விடுவான்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். ஓபல் அடுத்த டிக்கெட்டைக் கிழித்தாள். கூட்டம் சற்று ஓய்ந்தபின் ஹாம்பர்கரோடு உள்ளே போய்த் தோளைத் தட்டினாள். மெர்ல் பக்கவாட்டில் சரிந்தான். அதற்குள் எத்தனையோ பேர் குழந்தைகளைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஊரே பாத்துது நெட்டி," என்றாள் ஓபல் இப்போது. "வரிசையில நின்னு பாத்துது. ஒருத்தி வந்து சொல்லவே சொன்னா. நான்தான் எந்திரிச்சுப் போயிப் பாக்கல."

நெட்டி திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நெட்டி ஓபலின் விரல்களை ஒவ்வொன்றாக மூடியிலிருந்து விலக்கினாள்.

"மொதல்ல நீ பாரு. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

மூடி திறந்தது. சாயமெல்லாம் கழுவி, நல்ல கோட்டுப் போட்டு, தலை சீவி வைத்திருந்தார்கள். ஓபல் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கோட்டின் பொத்தான்கள் கொஞ்சமாவது ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.