கடல் உறைந்த வெள்ளிக்கிழமை

2009 ஜனவரி இருபத்துமூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, மரக்காணத்துக்குத் தெற்கே கரையிலிருந்து அரை மைல் தூரத்துக்குக் கடல் உறைந்துபோனது. உலகத்தின் வட உச்சியில், மேகங்களுக்கும் வெகு மேலே, அந்த வாரம் காற்று திடீரென்று ஐம்பது டிகிரிக்கு மேல் சூடேறியிருந்தது. அங்கே வட்டமடித்துக்கொண்டிருந்த குளிர்காற்று இரண்டாகப் பிளந்தது. அங்கே சூடேறினால் நம் பக்கத்து மேல்வானம் குளிரும். ஆனால் அந்தக் குளிர் தரைக்கு வருவதில்லை. அந்த முறை வந்தது. அது வந்து இறங்கிய இடத்தில் பச்சமுத்து தனியாகப் படகிலிருந்து குனிந்து வலை இழுத்துக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள் இருந்த அவன் வலது கை, மணிக்கட்டு வரை பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டது.

உப்பளத்துக்குக் கிளம்பியிருந்த அவன் மனைவி கிளியம்மாள் சேதி கேட்டு ஓடிவந்தபோது கரையில் நூறு பேர் நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை. "ஆத்தா மேல கால வெச்சி நடக்கறதா?" என்றார் பச்சமுத்துவின் அண்ணன் சீனுவாசன். "அவ மேலதான தெனம் படகு வுடறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் கரையில் கிடந்த ஒரு கடப்பாரையைத் தூக்கினாள். திண்டிவனத்திலிருந்து மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் வண்டிக்கார டோமினிக் அதைப் பிடுங்கிக்கொண்டான். "எக்கா, வெட்டுனா கை போயிடும். உப்பு கொட்டுங்க, எளகும். ஜல்தியா போங்க, வெயில் ஏறுது. விரிசல் சத்தம் கேட்டா மட்டும் ஓடாதீங்க, படுத்துக்கினு நகருங்க."

அரை மூட்டை உப்பைத் தலையில் வைத்துக்கொண்டு கிளியம்மாள் கடல்மேல் நடந்தாள். காலுக்குக் கீழே சங்கரா மீன்கள் கண்ணைத் திறந்தபடி அசையாமல் நின்றன. அவள் குனிந்து பார்க்கவில்லை. பாதி வழியில் இடது பக்கம் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. படுத்தாள். மூட்டையை முன்னால் தள்ளித் தள்ளி வயிற்றால் ஊர்ந்தாள்.

"நீ ஏன்டி வந்த? பொண்ணப் பாத்துக்கினு கரையில இருக்க வேண்டியதுதான?" என்றான் பச்சமுத்து. அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"வாய மூடிக்கினு கைய இழு."

உப்பு கரைந்து இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் விரிசல் படகைச் சுற்றி வந்துவிட்டது. கை வெளியே வந்த கணத்தில் பனி உடைந்து படகு சாய்ந்தது. இருவரும் தண்ணீரில் விழுந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். அவள்தான் முதலில் அழுதாள். இரண்டு விரல்களில் மட்டும் அவனுக்கு உணர்ச்சி திரும்பவே இல்லை.

விழுப்புரத்திலிருந்து அதிகாரிகள் பார்க்க வந்தபோது அலை அடித்துக்கொண்டிருந்தது. 2013 ஜனவரியில் வட உச்சி மறுபடி சூடேறியது, கடலும் மறுபடி உறைந்தது. போன தடவை போலவே முந்தின நாள் காற்று நின்றுபோனதைக் கவனித்த ஊர், படகுகளைக் கரையேற்றியிருந்தது. 2018 பிப்ரவரியில், பொழுது விடிந்து வெளியே வந்த பச்சமுத்து வெள்ளையாகக் கிடந்த கடலைப் பார்த்துவிட்டு, இன்றைக்குத் தொழில் இல்லை என்று திரும்பவும் படுத்துக்கொண்டான். கிளியம்மாளுக்கு, மகள் தமிழ்மொழியைப் பார்க்க, அதே கரையில் தெற்கே இருக்கும் கூனிமேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் கடல்மேலேயே நடந்து போனாள்.