விழுங்கிக்கு முதலில் வைத்த பெயர்

சால்வோர் என்கிற பெண் எழுதிய நாவலில் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வரும் தெய்வம், புத்தகம் வெளியாகி ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிராவிக் ஊரின் நீச்சல் குளத்துக்கு வந்து, வரிசையில் நின்று, ஒரு துண்டு வாடகைக்குக் கேட்டது. ஜனவரி மாதம். மலைக்குப் பின்னால் போன சூரியன் நவம்பரிலிருந்து ஊருக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தெருவில் கருக்கல்தான். வந்தவன் கதவு நிலையைவிட ஒரு முழம் உயரம். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தான். அவன் காலணியைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்தவர்கள் நான்கு பேர். நால்வருக்கும் அவன் யார் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அந்த நாட்டில் புத்தகம் என்பது கிறிஸ்துமஸ் பரிசு. பண்டிகை வாரத்தில் ஊரே போர்வைக்குள் கிடந்து படிக்கும். அந்த வருஷம் ஊரின் நூற்று நாற்பது வீடுகளிலும் சால்வோரின் புத்தகம்தான். எழுதியவள் நம் குளத்தில் துண்டு கொடுப்பவள் ஆயிற்றே, வாங்காமல் இருக்க முடியுமா? ஆகவே அவன் வருவதற்கு முன்பே அவனுடைய பெயர் வந்து எல்லார் வீட்டிலும் உட்கார்ந்துவிட்டது. அவன் பெயர் விழுங்கி.

உண்மையில் அது அவனுடைய இரண்டாவது பெயர். சால்வோர் ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதிய கைப்பிரதியில் அவன் பெயர் சுமைதாங்கி. மனிதர்களின் வலியை, துக்கத்தை, அவர்கள் மேல் விழ வரும் பாறையை, எல்லாவற்றையும் வாயால் உள்ளே வாங்கித் தன் வயிற்றில் சுமந்துகொண்டு போகிற தெய்வம் அது. கணவன் படகோடு போய்த் திரும்பாத வருஷம் அவள் எழுத ஆரம்பித்த கதை. அப்படி ஒருவன் இருந்தால் தேவலை என்று நினைத்துத்தான் எழுதினாள். தலைநகரத்துப் பதிப்பாசிரியர் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒளியன்னை என்று ஒரு நல்ல தெய்வம் இருக்கிறாள், சுமைதாங்கி என்று இன்னொரு நல்ல தெய்வம், இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தால் கதை எப்படி நகரும், வாசகன் யாரைக் கண்டு பயப்படுவான் என்றார். சால்வோருக்கு வயது நாற்பத்தொன்பது, அதுவே முதல் புத்தகம். யோசித்தாள். கதையை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. பெயரை மட்டும் மாற்றினாள். கணினியில் ஒரு விசையைத் தட்டியதும் முந்நூற்று நாற்பது இடங்களில் சுமைதாங்கி போய் விழுங்கி வந்தது. காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பதிப்பாசிரியர் மறுபடி படித்துவிட்டு, பிரமாதம், எனக்கே முதுகு சில்லிட்டது என்றார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒளியன்னை கதையில் ஏழு பள்ளத்தாக்குகளின் பனியை ஒரே நாளில் உருக்கி, ஏழு ஊரையும் மூழ்கடிக்கிறாள். அது பக்தர்களுக்கு வைத்த சோதனை என்று வாசகர்கள் கண்ணீர் விட்டார்கள். விழுங்கியோ கதை நெடுகிலும் ஒரு பூச்சியைக்கூடக் கொல்வதில்லை. ஒரு கிழவியின் மூட்டு வலியை அவன் விழுங்கும் இடத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் தூக்கம் வரவில்லை என்று சால்வோருக்குக் கடிதம் வந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

குளத்துக்கு வந்தவன் துண்டை வாங்கிக்கொண்டு கவுண்டர் முன்னால் குனிந்தான். குரல் மெதுவாக, கொஞ்சம் கூச்சத்தோடு இருந்தது.

"அம்மா, அந்தப் பழைய பேரு ரொம்ப நல்லாருந்துச்சு. அதையே திருப்பிக் குடுத்துர்றீங்களா? இதை வச்சுக்கிட்டு ஒரு வீட்லயும் கதவு தட்ட முடியலம்மா."

சால்வோர் பதறவில்லை. தன் கதையில் வருபவன் தன்னைத் தேடி வருவது முறைதான் என்றே அவளுக்குப் பட்டது. இரண்டாம் பாகம் அச்சுக்குப் போகப்போகிறது, அட்டையிலேயே உன் பெயர் இருக்கிறது, அது வெளியாகட்டும், அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகிறேன் என்று சொன்னாள். சொல்லும்போதே அது நிஜம் என்றும் நம்பினாள். அவன் தலையாட்டிவிட்டு வெந்நீர்த் தொட்டிக்குப் போனான். அந்தத் தொட்டியில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்துதான் அந்த ஊர் உலக விவகாரம் அத்தனையையும் தீர்த்து வைக்கும். அவன் இறங்கியதும் எல்லாரும் ஏறிவிட்டார்கள். ஏறியவர்களில் மீன் ஆலை மேற்பார்வையாளர் ஹெர்டிஸுக்குப் பதினோரு வருஷத்து இடுப்பு வலி அன்றோடு காணாமல் போயிற்று. நகராட்சித் தலைவர் பிராண்டூருக்கு ஒரு கடைவாய்ப் பல் வலி போயிற்று. சால்வோர் அன்று வீட்டுக்குப் போய், கணவனின் மழைக்கோட்டு மாட்டியிருக்கும் ஆணியைக் கடந்து நடந்தபோது, நெஞ்சில் வழக்கமாக விழும் அடி விழவில்லை. அவள் நின்று, திரும்பி நடந்து, இன்னொரு தடவை கடந்து பார்த்தாள். அடி விழவில்லைதான். வலி போன எவரும் அதற்காக அவனுக்கு நன்றி சொல்லவில்லை. ஹெர்டிஸ் வெந்நீர் வைத்தியம் பலித்தது என்றாள். பிராண்டூர் வலி போனதையே ஒரு கெட்ட சகுனம் என்றார். இன்றைக்கு வலியை எடுத்தவன் நாளைக்கு எதை எடுப்பான் என்று கேட்டார். அன்றிலிருந்து எல்லாரும் கதவைத் தாழிட ஆரம்பித்தார்கள்.

அடுத்த வாரம் ஒளியன்னை விமானத்தில் வந்தார்கள். பாதிரியாரே பூங்கொத்தோடு போய் அழைத்து வந்தார். அவர்கள் நடந்த இடமெல்லாம் பகல்போல வெளிச்சம். வந்த இரண்டாம் நாள் எய்விந்தூர் என்பவனின் பண்ணையில் பதினேழு ஆடுகளுக்குக் கண் போயிற்று. பெரிய அருளைத் தாங்கக் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும் என்று எய்விந்தூரே சொன்னான். மூன்றாம் நாள் ஒரு வைக்கோல் கிடங்கு எரிந்தது. பழைய கிடங்கு, எப்படியும் இடிக்கவேண்டியதுதான் என்றார்கள்.

அந்த ஊரில் ஜனவரி கடைசியில் சூரியக் காபி என்று ஒரு பழக்கம் உண்டு. இரண்டு மாதத்துக்கு மேல் ஒளிந்திருந்த சூரியன் மலைமேல் முதல் தடவை முகம் காட்டும் நாளில் ஊர் மண்டபத்தில் கூடி, சர்க்கரை தூவிய மெல்லிய அப்பம் சுட்டுச் சாப்பிட்டு, காபி குடிப்பார்கள். அந்த வருஷம் மகளிர் சங்கத் தலைவியான ஹெர்டிஸுக்கு ஒரு யோசனை வந்தது. ஒளியே நம் ஊரில் விருந்தாளியாக இருக்கும்போது நாம் ஏன் சூரியனுக்காகக் காத்திருக்க வேண்டும்? ஒளியன்னையிடம் போய், நான்கு நாள் முன்னாலேயே வெளிச்சம் காட்டும்படி வேண்டிக்கொண்டாள். வேறு எந்த ஊராரும் செய்யத் துணியாத பிழை அது. இரண்டு மாதம் இருட்டில் கிடந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த ஆசை வரும். அன்னை மலைச்சரிவில் ஏறி நின்றார்கள். காலை பதினொரு மணிக்கு ஊர் மொத்தமும் மஞ்சளாக மின்னிற்று. மண்டபத்து ஜன்னலோரம் நின்று எல்லாரும் அழுதார்கள். பதினொன்றே காலுக்கு மலைமேல் மூன்று மாதமாகச் சேர்ந்திருந்த பனி இளகி, மண்டபத்தை நோக்கிப் புறப்பட்டது.

விழுங்கி அப்போது கடைசி வீட்டுக்கு மேலே, ஓடைப் பள்ளத்தில் நின்றான். வாயைத் திறந்தான். மலையிலிருந்து வந்தது முழுவதும் அந்த வாய்க்குள் போயிற்று. பனியோடு இரண்டு வேலிகளும் மேட்டில் இருந்த ஹெர்டிஸின் படகுக் கொட்டகையும் போயின. பதினொன்று இருபதுக்கு எல்லாம் முடிந்தது. மண்டபத்தில் ஒரு கோப்பைகூடச் சாயவில்லை. அவன் சட்டைப் பொத்தான்கள் தெறித்து, வயிறு ஒரு பெரிய கூடாரம்போல உப்பி, நீலம் பாரித்த உதட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நான்கு நாள் அவனால் பேச முடியவில்லை. அவன் பக்கத்தில் போனால் குளிர் அடித்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் ஊர்க் கூட்டம் நடந்தது. அன்னை நம்மைச் சோதித்தார்கள், நாமும் தேறிவிட்டோம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. விழுங்கியை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. தன் படகுக் கொட்டகை போன கதையை ஹெர்டிஸ் இரண்டு தடவை சொன்னாள். எய்விந்தூர் ஒருவன்தான், ஆனாலும் அவன் ஊருக்கு முதுகு காட்டித்தானே நின்றான், வாய் மலைப்பக்கம் அல்லவா இருந்தது என்று இழுத்தான்.

"ஆமா, ஊருப் பக்கம் திரும்பறதுக்குள்ள அவனுக்கு வயிறு நெறஞ்சுபோச்சு," என்றாள் ஹெர்டிஸ். "பனி மட்டும் கொஞ்சம் கொறைச்சலா இருந்திருந்தா நீயும் உன் குருட்டு ஆடும் உள்ள போயிருப்பீங்க."

கூட்டம் சிரித்தது. எய்விந்தூரும் சேர்ந்து சிரித்தான். பிராண்டூர் சால்வோரைப் பார்த்தார்.

"நீதானம்மா எழுதுனே. நாங்க என்னத்தைக் கண்டோம்? அவன் எப்பேர்ப்பட்டவன்னு நீயே ஒரு வார்த்தை சொல்லிடு. நாங்க கேட்டுக்கறோம்."

கூடத்தின் கதவருகே விழுங்கி குனிந்து நின்றுகொண்டிருந்தான். அவன் அவளைத்தான் பார்த்தான். சால்வோரின் கைப்பையில் இரண்டாம் பாகத்தின் அட்டை இருந்தது, முந்தின நாள் தபாலில் வந்தது. கறுப்பு அட்டை, நடுவில் செக்கச்செவேலென்று அவன் பெயர். ஒன்பது மொழிகளில் வரப்போகிற அட்டை. பெயரை மாற்றியது நான்தான், அவன் சுமைதாங்கி என்று ஐந்து சொல் சொன்னால் போதும். அவளுக்கு அது தெரியும். அவள் எழுந்து, "புத்தகத்துல என்ன எழுதியிருக்கேனோ அதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பொய் இல்லை என்று அவள் அன்றைக்குத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். புத்தகத்தில் அவன் ஒரு தீங்கும் செய்ததில்லையே, படித்தவர்களுக்குத் தெரியாதா? அந்தச் சமாதானம் வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை. அவர்கள் என்ன படித்தார்கள் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அவனை ஊரைவிட்டு அனுப்பிவிடுவது என்று கூட்டம் கை தூக்கியது. விழுங்கி யாரையும் குறை சொல்லவில்லை. வயிற்றைக் கைகளால் தாங்கிக்கொண்டு, மேட்டு நிலத்துப் பாதையில் ஏறி, கிழக்கே நடந்து போனான். அவன் பின்னால் பாதை முழுக்கப் பனி சிந்திக்கொண்டே போயிற்று.

திங்கட்கிழமை ஹெர்டிஸுக்கு இடுப்பு வலி திரும்பியது. பிராண்டூர் பல்லைப் பிடுங்க நூறு கிலோமீட்டர் போனார். சால்வோர் ஆணியைக் கடந்தபோது கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவனுக்காகப் பாதியும், கதவருகே நின்றவனுக்காகப் பாதியும் அழுதாள். எது எந்தப் பாதி என்று அவளால் பிரிக்க முடியவில்லை. ஒளியன்னை வசந்தத்தில் வேறொரு ஊர் கூப்பிட்டதென்று கிளம்பிப் போனார்கள்.

இரண்டாம் பாகம் நன்றாக ஓடியது. ஒவ்வொரு பதிப்புக்கும் சால்வோர் பெயரை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினாள். பதிப்பாசிரியர் சிரித்துக்கொண்டே மறுத்தார். ஏழாவது வருஷம் அவள் வேறொரு வழி கண்டாள். கதையை மறுபடி முதலிலிருந்து எழுதினாள். எழுதுவது என்ன, அதே கதைதான். கிழவியின் மூட்டு வலி, பாறை, வயிறு, கூடவே ஓடைப் பள்ளத்தில் பனிச்சரிவை விழுங்கிய காலை. பழையதில் ஒரு வரியும் மாறவில்லை. பெயர் மட்டும் சுமைதாங்கி. புத்தகத்துக்கும் அதே பெயர். கிறிஸ்துமஸுக்கு நூற்று நாற்பது வீட்டிலும் போய்ச் சேர்ந்தது. புத்தாண்டு முடிந்த மறுநாள் ஹெர்டிஸ் கண்கள் வீங்கிப்போய்க் கவுண்டருக்கு வந்தாள்.

"ஏண்டி சால்வோர், இப்படி ஒருத்தர் நம்ம ஊருக்கு ஒரு தடவையாவது வந்திருக்கக் கூடாதா?"

"வந்தாருடி. நாமதான் தொரத்துனோம்."

ஹெர்டிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அவன் விழுங்கிடி. இவரு வேற. உன் கதை உனக்கே மறந்துபோச்சா?"

சால்வோர் விளக்கிப் பார்த்தாள். இரண்டு புத்தகத்தையும் பக்கத்துக்குப் பக்கம் திறந்து காட்டினாள். வெந்நீர்த் தொட்டியில் அதை வைத்து ஒரு மாதம் பேசினார்கள். வயசாகிவிட்டது, பாவம், தனியாக வேறு இருக்கிறாள் என்பது முடிவு. கண் கெட்ட பின்னே சூரிய நமஸ்காரம் செய்தால் யார் மதிப்பார்கள்? ஊர் மண்டபத்தில் சுமைதாங்கிக்கு ஒரு படம் மாட்டினார்கள். அழகான முகம், பொன்னிறத் தாடி, வாய் மூடியிருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே கூடி அவரைப் பற்றிய பக்கங்களைப் படிப்பது என்று ஏற்பாடாயிற்று. படித்து முடித்ததும், விழுங்கியிடமிருந்து தங்களைக் காக்கும்படி அவரிடம் வேண்டிக்கொள்வார்கள்.

அந்த வருஷக் கோடையில் சால்வோர் அவனைத் தேடிப் போனாள். மேட்டு நிலத்துக்கு அப்பால், ஆள் விட்டுப்போன ஒரு பண்ணையில் இருந்தான். சுற்றிலும் புல் பச்சைப்பசேல் என்றிருக்க, அவன் உட்கார்ந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பழைய பனி கிடந்தது. அவள் அவன் காலடியில் புத்தகத்தை வைத்து மன்னிப்புக் கேட்டாள். அவன் அதைப் புரட்டிப் பார்த்து, யாரோ ரொம்ப நல்லவர்போல இருக்கிறதே என்றான்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அவள் அவனைத் தன் பழைய வேனின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, மண்டபத்துச் சுவரை ஒட்டி நிறுத்துகிறாள். உள்ளே படிக்கிறவர்களுக்கு இடுப்பு வலி, பல்வலி, செத்தவர்கள் ஞாபகம் எல்லாம் இரண்டு மணி நேரம் நின்றுவிடுகிறது. அவர்கள் படத்தைப் பார்த்து நன்றி சொல்கிறார்கள். அந்த நாளில் மரத்துப்போகும் ஊசி தேவைப்படுவதில்லை என்று கண்டுகொண்ட மாவட்டப் பல் மருத்துவர், கிராவிக்குக்கு வரும் நாளை முதல் ஞாயிறுக்கு மாற்றிவிட்டார். வேனில் யார் இருப்பது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். இறங்காதவரை பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் பண்ணைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினால், அவன் கால் நீட்டிக்கொள்ள இறங்கி ஓடைக்கரை வரைக்கும் நடப்பான். நேரமானதும் சால்வோர் கூப்பிடுவாள். முதலில் எப்போதும் சுமைதாங்கி என்றுதான் கூப்பிடுகிறாள், இரண்டு தடவை, மூன்று தடவை, நன்றாக உரக்கவே. அவன் திரும்புவதில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "விழுங்கி, வாப்பா, காபி ஆறுது" என்கிறாள். உடனே திரும்பிச் சிரித்துக்கொண்டு வருகிறான்.