ஊதியது யார்

எங்கள் ஆய்வில் நாற்பத்தேழாம் எண்காரரின் மூச்சளவு ஐந்து வாரமாக ஒரே இடத்தில் நின்றது. வயது இருபத்திரண்டு, உயரம் ஐந்தடி பத்தங்குலம், புகைப்பழக்கம் இல்லை. அப்படிப்பட்ட ஆள் முழுமூச்சாக ஊதினால் மூச்சை அளக்கும் மீட்டரின் முள் அறுநூறுக்குப் பக்கத்தில் போக வேண்டும். இவருக்கு முந்நூற்றுத் தொண்ணூறைத் தாண்டவே இல்லை. இருமல், காய்ச்சல் எதுவும் கிடையாது.

தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட இளம் வயதினரின் மூச்சும் மனமும் எப்படி இருக்கின்றன என்பதுதான் எங்கள் ஆய்வு. ஆளுக்கொரு பிளாஸ்டிக் மீட்டர் அனுப்பியிருந்தோம். வாரம் ஒருமுறை ஊதி அளவை அனுப்புவார்கள். பிறகு நான் போனில் ஒன்பது கேள்விகள் கேட்பேன். நாற்பத்தேழின் நுரையீரல் கெட்டிருக்கலாம், ஸ்கேனுக்கு வரச்சொல் என்றார் டாக்டர். மனம்போன போக்கில் எண்ணை எழுதி அனுப்புகிறான், பெயரை அடித்துவிடு என்றான் பக்கத்து மேசைக்காரன். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு முறையும் போனை எடுத்தது அவருடைய அக்கா. தம்பி குளிக்கிறான், கேட்டுச் சொல்கிறேன் என்பாள். மறுநொடியே பதில் வந்துவிடும். போன வாரம், யாரிடமாவது மனம்விட்டுப் பேசினீர்களா என்ற கேள்விக்கு, "நானா?" என்றாள். உடனே, "இல்ல, அவன் பேசுறான், நல்லாப் பேசுறான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

மீட்டரை மாற்றித் தருவதாகப் போனில் சொல்லி, மறுநாள் காலையில் நேரே அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். மூன்றாவது மாடி. சங்கிலியை எடுக்காமல் கதவிடுக்கு வழியாக என் அடையாள அட்டையை இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே உள்ளே விட்டாள். என் தோளுயரம்தான் இருப்பாள். கூடம் முழுக்க மருத்துவமனை அங்கிகள் வெட்டிப் போட்டுக் கிடந்தன. தையல் மெஷினில் ஒரு அங்கியின் கை பாதித் தையலில் நின்றது. தம்பி தூங்குகிறான் என்றாள். மணி பதினொன்று.

புது மீட்டர் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை ஊதிக் காட்டச் சொன்னேன். அவள் மறுக்க முடியாமல் முகக்கவசத்தை இறக்கினாள். நான் ஜன்னலோரம் விலகி நின்றுகொண்டேன். ஊதினாள். முள் முந்நூற்றுத் தொண்ணூறில் போய் நின்றது. அவளும் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"அவன் ரூமை விட்டு வெளிய வந்து ஆறு வாரம் ஆச்சு மேடம்" என்றாள்.

குடோனில் அவனோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த சிநேகிதன் நாலே நாளில் மூச்சுத் திணறிப் போய்விட்டானாம். கடைசியாக முகத்தைக்கூட இவனுக்குக் காட்டவில்லை. அன்றைக்குச் சாத்திய கதவு. வீடு அடங்கிய பிறகுதான் பாத்ரூமுக்கு வருவான். வைத்த தட்டு பாதி காலியாகித் திரும்பும். பேச்சே கிடையாது. அடுத்த நாள் எங்கள் மீட்டர் வந்திருக்கிறது.

"உண்மையச் சொன்னா ஆளைத் தூக்கிட்டுப் போய் எங்கயாவது போட்டுருவீங்களோன்னு பயம். ஊதலன்னா பேரை எடுத்துருவீங்க. அவன் எப்படி இருக்கான்னு கேட்டு இந்த வீட்டுக்கு வர்ற போன் உங்களோடது மட்டும்தான்."

அப்போதும் என் சந்தேகம் ஓயவில்லை. அந்த அறையில் ஆள் இருக்கிறானா? இருமல்கூடக் கேட்கவில்லையே. ஐந்து வாரமாக இவள் சொன்னதெல்லாம் பொய் என்றால் இதை மட்டும் எப்படி நம்புவது? அவள் என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கி நின்றாள்.

"நீங்க ஊதினதையெல்லாம் அடிச்சிருவேன்கா. போன் பண்றதை நிறுத்த மாட்டேன்" என்றேன்.

பிறகு அந்தக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நான் யார் என்று சொன்னேன். தாளைப் பார்க்காமலே முதல் கேள்வியைக் கேட்டேன்.

"நேத்து தூங்கினீங்களா?"

பின்னால் அக்கா ஒரு அங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கதவுக்கடியில் கோடாய்த் தெரிந்த ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல் மெல்ல வந்து நின்றது.