எஞ்சின் ஆறிய நேரம்

மாம்புரியில் படகு எஞ்சின் திருத்துகிற ஃபஸ்லானிடம் ரிமோட்டில் ஓட்டுகிற ஒரு குட்டி விமானம் இருந்தது. இரண்டு மீற்றர் இறக்கை, வயிற்றில் கமெரா. கத்தாரில் வேலை செய்த காலத்தில் பிடித்த பைத்தியம் அது. பெற்றோல் நிரப்பினால் ஒரு மணித்தியாலம் பறக்கும். பழைய எஞ்சின் உடைந்து, புதியது வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதை அவன் இன்னும் ஒரு தடவைகூட ஓட்டவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்தபோது, தங்கை இல்மா கராஜ் வாசலில் நின்றாள். அவளுடைய கணவன் றஸீனும் உடப்பைச் சேர்ந்த கௌசிகனும் செவ்வாய் பின்னேரம் வலைக்குப் போனவர்கள். புதன் காலையில் கரைக்கு வந்திருக்க வேண்டும். தேடப் போன படகுகள் ஒன்றும் காணாமல் திரும்பியிருந்தன. கல்யாணப் படம் எடுக்கிறவரின் ட்ரோன் பலத்த சோளகக் காற்றுக்கு நிற்காமல் கரையிலேயே இறங்கிவிட்டது.

"நானா, உங்கட பிளேனை விடுங்க."

"புது எஞ்சின், இல்மா. பிஸ்டனும் சிலிண்டரும் இன்னும் உரசிப் பழகல்ல. இப்படியே ஏத்தினா சூட்டில இறுகிப் போகும். கடல்ல விழுந்தா வேற பிளேன் இல்ல."

"எவ்வளவு நேரம்?"

"பின்னேரம் அஸருக்கு முதல் ஏத்திடுவன்."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஃபஸ்லான் எஞ்சினை மேசையில் இறுக்கிப் பூட்டினான். பெற்றோலில் வழமையைவிடக் கூடுதலாக ஒயில் கலந்தான். முதல் டேங்கைக் குறைந்த வேகத்தில் ஓட்டினான். வெள்ளைப் புகை கராஜை நிறைத்தது. பறக்கும்போது காற்று எஞ்சினை ஆற்றும். மேசையில் நிற்கிற எஞ்சினுக்கு அதன் விசிறி தள்ளுகிற காற்று மட்டும்தான். அதனால் ஒவ்வொரு டேங்குக்குப் பிறகும் நிறுத்தி, சிலிண்டர்மேல் கை வைக்க முடிகிற வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரத்தில், எஞ்சினை மூடும் உறையின் அடியிலிருந்த துவாரத்தைப் பெரிதாக வெட்டினான். உள்ளே போகிற காற்று சூட்டோடு வெளியே வராவிட்டால் போனதில் பலனில்லை.

"ஆறிட்டுதா?" என்று இல்மா கேட்டாள். மறுபடியும் கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

நண்பகலில் லுஹருக்குப் பாங்கு சொன்னபோது இரண்டாவது டேங்க் முடிந்திருந்தது. இதோடு ஏற்றினால் என்ன என்று ஒரு கணம் நினைத்தான். சிலிண்டரைத் தொட்டான். விரல் சுட்டது. இன்னுமொரு டேங்க் ஓட்டுவதென்று முடிவெடுத்தான்.

மூன்றரைக்கு விமானம் கடற்கரையிலிருந்து எழும்பியது. எஞ்சின் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. இருபதாவது நிமிடத்தில், வடமேற்கே ஆறு மைல் தூரத்தில், கவிழ்ந்த வள்ளம் திரையில் தெரிந்தது. அதன்மேல் ஒரு ஆள் கவிழ்ந்து கிடந்தான்.

ஒரு ஆள்தான்.

இடத்தைச் சொல்லி அனுப்பிய படகு, பொழுது சாய்ந்து மஃரிபுக்குக் கௌசிகனைக் கொண்டு வந்தது. உதடு வெடித்து, முதுகுத் தோல் உரிந்திருந்தது. இல்மா கேட்கும் முன்பே அவன் அழத் தொடங்கினான்.

"ரெண்டு நாளும் கையைப் பிடிச்சிருந்தம், அக்கா. இண்டைக்கு உச்சி வெயிலுக்குள்ள அவருக்கு ஏலாமப் போச்சு. கை வழுக்கிட்டுது."

சனிக்கிழமை றஸீனின் மையித்து தலவிலக் கரையில் ஒதுங்கியது. அன்றே அடக்கினார்கள். ஊரில் எல்லோரும் ஃபஸ்லானின் கையைப் பிடித்து, ஒரு உயிரைக் காப்பாற்றினாய் என்றார்கள். உடப்பிலிருந்து கௌசிகனின் தாய் வந்து ஃபஸ்லானின் காலைத் தொடப் போனாள். அவன் பின்வாங்கிவிட்டான்.

ஒரு கிழமை கழித்து, கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்த தங்கையைப் பார்க்கப் போனான்.

"நானா, லுஹரோட ஏத்தியிருந்தா பிளேன் விழுந்திருக்குமா?"

"தெரியாது, இல்மா."

"தெரியாதெண்டு சொல்ல வேணாம். விழுந்திருக்குமெண்டு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அவன் அன்று சிலிண்டரில் சுட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.