டில்லிப் பனிக்கு ஒதுக்கிய இடம்

கத்திரி வெயில் தொடங்கிய அன்று காலை ஊரூர் ஒல்காட் குப்பத்தின் மேல் டில்லிப் பனி இறங்கியது. குப்பத்தின் மேல் மட்டும்தான். பக்கத்திலேயே பெசன்ட் நகர் அடுக்குமாடிகளில் வழக்கம்போல மொட்டைமாடி கொதித்தது, குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. குப்பத்துச் சந்தில் கால் வைத்தாலோ எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை, பல் கிட்டியது. அது டில்லிப் பனிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. டில்லி ஓட்டலில் ரொட்டி தட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்த அமீன் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தான். எரித்த வைக்கோல், லாரிப் புகை, கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை. "அசல் டில்லி சரக்கு நைனா" என்று இருமிக்கொண்டே சொன்னான்.

வந்த காரணமும் ஊரறிந்ததுதான். மயிலாப்பூரில் ஏசி போட்ட ஒரு மண்டபத்தில், நாட்டின் தலைநகரத்தை டில்லியிலிருந்து பெயர்த்துப் பின்தங்கிய கடற்கரை ஒன்றுக்குக் கொண்டுபோகலாமா என்று பெரிய மனிதர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். டில்லியில் மூச்சு விட முடியவில்லையாம். தலைநகரம் வந்தால் கடற்கரையும் முன்னேறிவிடுமாம். அவர்களில் பாதிப் பேர் கடற்கரை என்று கண்டது பஜ்ஜிக் கடை வரைக்கும்தான். குழுவின் தலைவர் ஸ்ரீநாத், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, சுவரில் வரைபடத்தை மாட்டிக் குப்பத்தின் மேல் குச்சியை வைத்தார். "இங்க பாருங்கோ, ஒண்ணுமே இல்லை. வெறும் வெள்ளையா இருக்கு." சபை கை தட்டியது. அந்த வெள்ளையில் ஒரு அம்மன் கோயிலும் மாதா சிலை வைத்த ஒரு கெபியும் நூற்றுக்கணக்கான வீடுகளும் இருந்தன. வரைபடக்காரனுக்குத் தெரியாததால் அவை கணக்கில் வரவில்லை. கைதட்டல் அடங்குவதற்குள் பனி டில்லியிலிருந்து கிளம்பிவிட்டது. அந்தத் தலைநகரத்திலேயே சொன்ன வேலைக்கு உடனே கிளம்பியது அது ஒன்றுதான்.

தேசம்மாவுக்கு வெயில்தான் பிழைப்பு. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, கெபிக்கு முன்னால் மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காயவைத்துத்தான் மகள் ரோஸியை வளர்த்துவந்தாள். கத்திரி வெயிலில் கலகலவென்று காய வேண்டிய நெத்திலி பனியில் ஊறி நாறியது. வெயில் இல்லையென்றால் கருவாடு இல்லை. கருவாடு இல்லையென்றால் அவளுக்குக் குப்பத்தில் வேலையே இல்லை, பிழைக்க வேறெங்காவது போக வேண்டியதுதான். நாறிய நெத்திலியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கே போனாள். "உங்க பனியை நீங்களே எடுத்துக்கினு போங்க சார். எங்களுக்கு எங்க வெயிலு வோணும்." மண்டபம் மூக்கைப் பிடித்துக்கொண்டே மகிழ்ந்தது. பனியே முன்கூட்டிப் போய் இடம் பிடித்திருக்கிறது, இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா என்றார் ஒருவர். பாராளுமன்றத்துக்கு ஏசிச் செலவு மிச்சம் என்றார் இன்னொருவர். வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. வெளியே வந்து, "கஸ்மாலங்க" என்றாள். அந்தச் சொல்லை நான் திருத்தப் போவதில்லை.

ஆடி போயிற்று, ஐப்பசி மழை போயிற்று, மறுபடியும் கத்திரி வந்தது, விவாதம் முடியவில்லை. மேடையில் ஆதரித்துப் பேசினால் பனி கெட்டியாகும், எதிர்த்துப் பேசினால் இளகும், எப்படிப் பேசினாலும் விலகாது. குப்பத்துப் பிள்ளைகள் குரங்குக் குல்லாயோடு பள்ளிக்கூடம் கிளம்பி, ரோட்டைத் தாண்டியதும் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டார்கள். பெசன்ட் நகர்க்காரர்கள் ஊட்டிக்குப் போகிற அலைச்சல் மிச்சமென்று ஸ்வெட்டரோடு வந்து படம் பிடித்துக்கொண்டார்கள். தேசம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வெயில் தேடி அடுக்குமாடி வாசல் வாசலாகப் போனாள். எல்லா வாசலிலும் வாட்ச்மேன் இருந்தார்.

கடைசியில் மண்டபம் ஒருவழியாக முடிவெடுத்தது. தலைநகரம் டில்லியிலேயே இருக்கட்டும். குப்பம் அதற்கு லாயக்கில்லை. எப்போதும் பனி மூடிய, வெயிலே படாத, மனிதர் வாழத் தகாத பகுதி அது. ஆகவே அங்கே இருப்பவர்களை, அவர்கள் நன்மைக்காகவே, ஊருக்கு வெளியே மாற்றிவிட வேண்டும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் தொட்டிலையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். தூ!

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம் கூடியது. தகரம் தட்டிப் பனியைத் துரத்தலாம் என்றார்கள் சிலர், பட்டாசு வைக்கலாம் என்றார்கள் சிலர். ஊர்த் தலைவர் மாசிலாமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து தேசம்மா குரல் கொடுத்தாள். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர் யாரானாலும் ஊர்தான் இடம் காட்ட வேண்டும். காட்டிய இடத்தோடு அவர் அடங்க வேண்டும். அதைத்தான் அவள் கேட்டாள். "இந்தப் பனி வந்து எத்தினி நாளாவுது. யாராவது அதுக்கு இடம் காட்னீங்களா? எங்க குந்துறதுன்னு தெரியாம ஊரு பூரா பரவிக்கினு கீது."

"உன் பொழப்பைக் கெடுத்ததுக்கா இடம் குடுக்கச் சொல்ற?" என்றார் மாசிலாமணி.

"அது எங்க போவும் நைனா? அங்க வோணாம்னுதான தொரத்தி வுட்டானுங்க. நாளைக்கு நம்மளையும் அப்டித்தான் தொரத்தப் போறானுங்க." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பனியின் மேல் இருந்த ஆத்திரம் கொஞ்சமும் குறையாமல்தான் அழுதாள்.

மாசிலாமணி எழுந்தார். மணலில் வெற்றிலை பாக்கு வைத்து, பனியைப் பார்த்து முறைப்படி சொன்னார்: "அதோ உடைஞ்ச படகு கீதே, அதுக்குப் பின்னால ஒனக்கு எடம். அத்தோட இருந்துக்கோ." பனி சந்து சந்தாகக் கிளம்பி, கோயிலைச் சுற்றிக்கொண்டு போய்ப் படகுக்குப் பின்னால் ஒடுங்கியது. கூட்டத்தில் ஒருவர் அடுத்த பேச்சை எடுத்தார், தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று.

மறுநாள் காலை ஸ்ரீநாத் ஆட்களோடு வந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். மண்டையைப் பிளக்கிற வெயில். தேசம்மா வலையை விரித்து நெத்திலி கொட்டிக்கொண்டிருந்தாள்.

"பனி எங்கம்மா?" என்றார், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"படகுக்குப் பின்னால படுத்துக்கினு கீது. மெல்லப் பேசுங்க சார், இப்பத்தான் அடங்கிச்சு."

"யாரைக் கேட்டு அங்க வச்சேள்?"

"ஊரு எடம் குடுத்துச்சு சார்."

ஸ்ரீநாத் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அந்த இடம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. வெயிலே படாத பகுதி என்று எழுதிய நோட்டீஸை அந்த வெயிலில் நின்று வாசிக்க அவருக்கே வாய் வரவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போனார். மண்டபத்தில் இப்போது வேறு காரணம் தேடி விவாதம் நடக்கிறது.

பனி படகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. குப்பத்தில் ஐஸ் வாங்குவதை விட்டுவிட்டார்கள், மீன் பெட்டிகளை அதற்குள் வைத்துவிடுகிறார்கள். சில நாள் காலையில், தூரத்தில் யாரோ பலமாகக் கை தட்டியது காதில் விழுந்ததுபோல அது மெல்ல எழுந்து நெத்திலிப் பக்கம் நகரும். தேசம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏய், ஒன் எடத்துல இரு" என்பாள். அது போய்விடும்.