குழாயைத் திறந்தவன்

நீதிமன்றத் தாழ்வாரத்து மரப்பெஞ்சில் சலவைக்கடை அக்கா முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் உடை கசங்கும். கசங்கிய உடையோடு நீதிபதி முன்னால் போய் நிற்கிற குடும்பம் அல்ல அவருடையது.

அவருடைய இடது கைத்தோல் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. முகத்தில் துணி கட்டிய இரண்டு பையன்கள் கடைக்குள் புகுந்து கல்லாப்பெட்டியைப் பிடுங்கிய அன்று, ஒருவன் தள்ளியதில் அவர் சூடாக இருந்த இஸ்திரி இயந்திரத்தின் மேல் விழுந்தார். இருவரும் ஓடினார்கள். தள்ளியவன் மட்டும் திரும்பி வந்தான். இயந்திரத்தை அணைத்தான். துணி அலசும் தொட்டியின் குழாயைத் திறந்து அவர் கையை அதன் கீழே பிடித்துக்கொண்டு, "எடுக்காதீங்க, எடுக்காதீங்க" என்று அழுதான். முகத்துணி அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது அவனுக்கே தெரியவில்லை. தெருவில் ஆள் சத்தம் கேட்ட பிறகுதான் மறுபடி ஓடினான். உடனே தண்ணீரில் பிடித்ததால்தான் விரல்கள் மடங்குகின்றன என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மருந்து மயக்கத்தில் அக்கா பாதிதான் சொன்னார். இரண்டு பேர் வந்தார்கள், தள்ளினார்கள், எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மீதியை இன்று நீதிபதியிடமே சொல்லி, திரும்பி வந்த அந்தப் பையனைச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"இப்பவும் சொல்றேன்," என்றார் பக்கத்தில் இருந்த தம்பி. "நம்ம வீட்டுல யாராவது யார்கிட்டயாவது போய்க் கெஞ்சியிருக்கோமா? அதுவும் கையைப் பொசுக்கினவனுக்காக?"

"கெஞ்சப் போறதில்ல. கேக்கப் போறேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"நிமிர்ந்து நின்னா கேக்கறது. உனக்கு எங்க தெரியப் போகுது? ஆபீஸ்ல லீவு கேக்கறதுக்கே நீ ரெண்டா மடிஞ்சிடுவ."

தம்பி சிரிக்கவில்லை. "பயந்துட்டோம்னு பேசுவாங்க. இல்லன்னா கைநீட்டி வாங்கிட்டோம்னு பேசுவாங்க. நான் வெளிய தலைகாட்ட வேண்டாமா?"

அந்தக் கவலை அக்காவுக்கும் இல்லாமல் இல்லை.

பையனின் வக்கீல் படியேறி வந்தார். கறுப்பு அங்கி பளபளவென்று மினுங்கியது. மேலே வேறு துணி விரிக்காமல் நேரடியாக இஸ்திரி தேய்த்ததால் வந்த மினுக்கம். பின்னாலேயே பையனின் அம்மா.

"எங்க பையனுக்காகப் பேசப் போறீங்களாமே. பெரிய மனசும்மா உங்களுக்கு. என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் வக்கீல்.

அக்கா சொன்னார். கேட்கக் கேட்க வக்கீலின் முகம் வெளுத்தது.

"ஐயையோ, அதை மட்டும் சொல்லிடாதீங்க! அவன் அங்க வரவே இல்லன்னுதான் நாங்க சொல்லியிருக்கோம். பிடிபட்ட இன்னொருத்தன் இவன் பேரைச் சொல்லியிருக்கான், அவ்வளவுதான், வேற சாட்சி கிடையாது. திரும்பி வந்தான்னு நீங்க சொன்னா, வந்தவன் இவன்தான்னு நீங்களே நிரூபிச்சதா ஆகிடும். பொய் சொன்னதும் கூடச் சேரும். நல்லது பண்றேன்னு நீங்களே அவனை உள்ள தள்ளிடுவீங்க."

"முகம் சரியாத் தெரியலன்னு சொல்லிடுங்க அக்கா," என்றாள் பையனின் அம்மா. "அது போதும். பதினாறுகூட முடியல அவனுக்கு."

அக்கா அவள் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சுதேம்மா. நான் பொய் சொல்லிப் பழகினதில்ல. உன் பையனுக்காக இனிமே பழகவும் முடியாது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடுமையாக விழுந்தது என்று புரிந்தது. அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி அக்காவின் காதருகே குனிந்தார். "பாத்தியா? நீ உண்மையைச் சொல்லு. அவன் கதை தன்னால முடிஞ்சிடும்."

அதுதான் அக்காவைப் பயமுறுத்தியது. உண்மையைச் சொன்னால் பையன் உள்ளே போவான், பொய் சொன்னால் தன் மானம் போகும். அவர் வக்கீலைப் பார்த்தார். "அவன்கிட்ட சொல்லுங்க. அவனே முதல்ல ஒத்துக்கட்டும். அப்பதான் நான் பேசுறது எடுபடும்."

வக்கீல் பையன் இருந்த அறைக்குள் போனார். அக்காவின் உள்ளங்கை வேர்த்தது. துடைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். திரும்பி வந்த வக்கீல் தலையை ஆட்டினார்.

"நம்ப மாட்டேங்கறான். பொறி வைக்கிறீங்கங்கறான்."

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

எல்லோரும் உள்ளே போனார்கள். சின்ன அறை. பையன் ஓரமாக நின்றான். சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு இரட்டைக் கோடாக விழுந்திருந்தது. அவசரத்தில் அம்மா தேய்த்திருப்பாள். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உக்காந்தே பேசலாம்," என்றார் நீதிபதி.

"நிக்கிறேன்."

அக்கா தான் விழுந்ததைச் சொன்னார். ஓடியதைச் சொன்னார். "அப்புறம் தள்ளினவன் திரும்பி வந்தான்" என்றபோது வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா நிறுத்தாமல் குழாய் வரைக்கும் சொல்லி முடித்தார்.

"முகத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"பாத்தேன்."

"அவன் இந்த அறையில இருக்கானா?"

அக்கா பேசவில்லை. பையன் பக்கம் கண்ணைத் திருப்பவும் இல்லை, பார்த்தாலே காட்டிக்கொடுத்ததாகிவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் நின்றது இதுவே முதல் தடவை. தம்பி தொண்டையைச் செருமினார். நீதிபதி கேள்வியைத் திரும்பக் கேட்டார். தொங்கிக்கொண்டிருந்த இடது கையின் விரல்களை அக்கா மெல்ல மடக்கினார், விரித்தார், மடக்கினார். அது ஒன்றுதான் அவரால் செய்ய முடிந்தது.

"நான்தான்," என்றான் பையன். அவன் பார்வை அந்த விரல்களின் மேல் இருந்தது. "தள்ளினதும் நான்தான்."

அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் அக்காவுக்கு மறந்துபோயின. "அவனை அங்க அனுப்பாதீங்க," என்றார். "கேட்டுக்கறேன்." குரல் நடுங்கியது தம்பிக்கும் கேட்டிருக்கும்.

"அனுப்பலன்னா உங்களுக்குப் பயமா இருக்காதா?" என்றார் நீதிபதி.

"இருக்கும். கடைக்குள்ள யாராவது வேகமா நுழைஞ்சாலே உடம்பு தூக்கிப் போடுது. ஆனா அது என் பயம். அதுக்காக ஒரு பிள்ளையைப் பூட்டி வைக்கச் சொல்ல மாட்டேன்."

நீதிபதி வெகுநேரம் எழுதினார். கடைசியில், இல்லத்துக்கு அனுப்பவில்லை, கண்காணிப்பில் வீட்டிலேயே இருக்கட்டும், படிப்பு நிற்கக் கூடாது என்றார்.

தாழ்வாரத்தில் தம்பி கேட்டார்: "பயமா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா கடையை மூடச் சொல்லியிருப்ப."

அப்போது கதவைத் திறந்துகொண்டு பையன் வெளியே வந்தான். கைக்கெட்டும் தூரம். அக்காவின் கால் தானாக ஓரடி பின்னால் போனது. அதைக் கவனித்த பையன் அப்படியே நின்றுவிட்டான்.

அக்காவுக்கு முகம் சுட்டது. மூச்சை இழுத்துவிட்டு, அந்த ஓரடியைத் திரும்ப முன்னால் எடுத்து வைத்தார். பையன் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டான். அவர் அவனைக் கடந்து, படியை நோக்கி நடந்தார்.