ஓடுவதைப் பார்க்கும் விளக்கு

இவர் நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறார், நம் கண்ணுக்குத்தான் எட்டவில்லை என்று ஜெயக்கொடி நினைத்துக்கொண்டாள். அவள் கணவர் முத்திருளனை நாலு பேர் பாயிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். காலை ஷிப்டுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்து உயிரை விட்டிருந்தார். தலை தொங்கியது. அவளுடைய அண்ணன் பேயாண்டி துண்டால் அவர் தோளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்.

"உசுரோட இருக்கையில ஒரு நிமிசம் ஒக்காந்திருப்பானா?" என்றார் கூட வேலை பார்த்த சோணை. "இன்னைக்குத்தான் ஸ்டூடியோக்காரருக்குச் சிக்கியிருக்கான்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டூடியோக்காரர் கேமராவை முக்காலியில் நிறுத்தினார். "உள்ள இருட்டா இருக்குண்ணே. பிளாஷ் போட்டுருவோம்."

முன்பு ஓர் ஆயுத பூசையன்று, முத்திருளன் வேலை பார்த்த நூல் மில்லுக்குள் தொழிலாளர்களின் குடும்பங்களை விட்டார்கள். பூசை முடிந்து ஒரே ஒரு எந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். நூல் நூற்கும் கதிர்களான நானூறு ஸ்பிண்டில்களும் சுற்றும் வேகத்தில் வெறும் புகையாகத் தெரிந்தன. முத்திருளன் ஒரு விளக்கைக் கொண்டுவந்து அவற்றின்மேல் பிடித்தார். அது படபடவென்று விட்டுவிட்டு எரிந்தது. காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டபடியே அதன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். புகை கலைந்தது. ஸ்பிண்டில்கள் வரிசையாக வந்து நின்றன. நூலின் முறுக்குகூடத் தெரிந்தது. ஒன்று மட்டும் மெல்லப் பின்பக்கமாகச் சுற்றியது.

"அந்தா பாரு. இம்புட்டுப் பேருல அவன் ஒருத்தன்தான் சோம்பேறி."

அவள் விரலை நீட்டினாள். அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தொட்டா விரல் போயிரும். நிக்கலடி, ஓடுது. இந்த வெளக்கும் அது கூடவே ஓடுது, அதான் நிக்கிற மாதிரி தெரியுது."

"நின்னதுக்கு அப்பறம் பாத்தா என்ன?"

"நின்னதப் பாக்க வெளக்கு எதுக்கு?"

அதற்குப் பிறகு அவள் எந்திரத்தைப் பார்க்கவில்லை. விட்டுவிட்டு விழுந்த அந்த வெளிச்சத்தில் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயா, வந்து பக்கத்துல நில்லு," என்றார் பேயாண்டி. "மாப்ள மூஞ்சி இந்த வீட்டுல ஒரு படத்துலயும் இல்ல. கல்யாணப் படத்துலயும் தலையத் திருப்பிக் கலைச்சு வச்சிருக்காரு. பதினாறாம் நாளு எந்தப் படத்துக்கு மாலை போடுறது?"

ஜெயக்கொடி எழுந்து போய்க் குனிந்து துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது.

"வேணாம்ண்ணே. படுக்க வைங்க."

"ஒரே ஒரு படம்மா," என்றார் பேயாண்டி. "நாளப்பின்ன மூஞ்சி மறந்துபோகும்."

அவரைப் பாயில் கிடத்தியதும் அவள் சுவரிலிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றினாள். வரிசையாக நின்ற தெளிவான முகங்களுக்கு நடுவே அவர் முகம் மட்டும் புகையாக இருந்தது. அது அவள் பக்கம் திரும்பியிருந்தது.

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து ஸ்டூடியோக்காரரிடம் நீட்டினாள்.

"இதப் பெருசு பண்ணிக் குடுங்க."